ஒன்றாம் வகுப்புச் சான்று

தலைமையாசிரியை மணிமொழி பதிவேட்டைத் திருப்பி ரூபீனாவின் பக்கம் நகர்த்தி வைத்தார்.

“நீங்களே பாத்துக்கங்கம்மா. டீச்சர் வேணும்னே தரலைன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது.”

ரூபீனா குனிந்து பார்த்தாள். 1997-ஆம் வருடத்துச் சேர்க்கைப் பதிவேடு. ஓரங்களைப் பூச்சி தின்றிருந்தாலும் எழுத்து மட்டும் நேற்று எழுதியதுபோல் கறுப்பாக இருந்தது. நாற்பத்தொன்றாம் வரிசையில் அவள் பெயர். தந்தை பெயர் வலியுல்லா. தாய்மொழி உருது. அடுத்த கட்டத்தில், ‘பயிற்று மொழி’ என்ற தலைப்புக்குக் கீழே, ‘மேற்படி’ என்று எழுதியிருந்தது. அதற்கு மேல் வரிசையில் ஜஹீதா என்றொரு பெண், அவளுக்கும் மேற்படி. அதற்கும் மேலே இன்னும் இரண்டு மேற்படி. முப்பத்தேழாம் வரிசைக்குப் போனால்தான் விஷயம் தெரிந்தது. அங்கே ‘உருது’ என்று இருந்தது.

“நான் தமிழ்லதான் மேடம் படிச்சேன்.”

“படிச்சிருப்பீங்க. பதிவேடு உருதுன்னு சொல்லுதே, நான் என்ன செய்ய?”

கச்சேரி சாலைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னப் பள்ளியில் அப்போது தமிழ்ப் பிரிவு, உருதுப் பிரிவு என்று இரண்டு இருந்தன. அன்றைக்குப் பெயர் எழுதிய எழுத்தர், ஐந்து முஸ்லிம் பிள்ளைகள் வரிசையாக வந்ததும், ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருப்பானேன் என்று முதல் பிள்ளைக்கு எழுதியதையே கீழே இறக்கிக்கொண்டு போய்விட்டார். ஆறாவதாகச் செண்பகம் என்றொரு பெயர் வந்திருக்கிறது. அங்கே மனிதர் விழித்துக்கொண்டு ‘தமிழ்’ என்று எழுதினார். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதுவே மேற்படி ஆகிவிட்டது. நாற்பத்தாறாம் வரிசையில் இருந்த சகினாவும் அப்படித்தான் தமிழ் ஆனாள். அவள் படித்ததும் தமிழ்தான் என்பதால் அவள் விஷயத்தில் அந்தப் புண்ணியவான் தற்செயலாக உண்மையை எழுதிவிட்டார். ரூபீனாவுக்கு மட்டும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் தனி ஒதுக்கீடு உண்டு. அந்த ஒதுக்கீட்டை நம்பித்தான் அவள் குரூப் நான்கு தேர்வு எழுதினாள். அதை நம்பித்தான் வரித்தண்டலர் வேலை, ஊரார் வாயில் பில் கலெக்டர் வேலை, கைக்கெட்டும் தூரத்துக்கு வந்திருந்தது. இரண்டாம் வகுப்பிலிருந்து பத்துவரை மந்தைவெளியில் படித்ததற்குச் சான்று வாங்கி வைத்திருந்தாள். ஒன்றாம் வகுப்பை ஒரு வகுப்பாகவே அவள் நினைக்கவில்லை. தேர்வாணையம் நினைத்தது. ‘ஒன்றாம் வகுப்புக்கான சான்று இணைக்கப்படவில்லை, எட்டாம் தேதி மாலைக்குள் பதிவேற்றவும்’ என்று குறுஞ்செய்தி வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. எட்டாம் தேதிக்கு இன்னும் பத்து நாள். அவளுக்கு வயது முப்பத்து நான்கு. வயது வரம்பு இதோடு முடிந்தது. இன்னொரு தடவை எழுத முடியாது.

மணிமொழி அவள் முகத்தைப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு பீரோவைத் திறந்து ஏதோ சுற்றறிக்கையைத் தேடி எடுத்தார். மதியச் சாப்பாட்டு மணி அடித்து அரைமணி ஆகியிருந்தது. அவர் டிபன் பாக்ஸ் மேசையில் மூடியபடியே இருந்தது.

“ஒரு வழி இருக்கு. உங்ககூட அதே வகுப்புல தமிழ்ப் பிரிவுல படிச்சவங்க ரெண்டு பேர் வரணும். பதிவேட்டுல அவங்க பேருக்கு நேரா தமிழ்னு இருக்கணும். என் முன்னாடி எழுதிக் கையெழுத்துப் போடணும். அதை வச்சு கல்வி அலுவலர்கிட்ட நானே கொண்டுபோய் மேலொப்பம் வாங்கித் தரேன். ரெண்டு பேர். ஒண்ணு கொறஞ்சாலும் ஆகாது.”

“உங்களுக்கு எதுக்கு மேடம் இவ்ளோ சிரமம்?”

“இந்தப் பள்ளிக்கூடம் பண்ணின தப்புதானேம்மா” என்று சொல்லிவிட்டு, தமிழ்ப் பிரிவிலிருந்த பதினாறு பெயரையும் தம் கையாலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை வாங்கும்போது ரூபீனாவுக்கு அவர் காலைத் தொட்டுவிடலாமா என்றிருந்தது. பதிவேட்டை எழுதியவர் எவரோ. பட்டினி கிடந்தவர் இவர்.

தெருவுக்கு வந்து பட்டியலைப் பிரித்தாள். பதினாறில் எட்டாவது பெயர் சகினா. தினமும் பார்க்கிறவள், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருகிறவள். ரூபீனா அந்தப் பெயரை மட்டும் தாண்டி மற்றப் பெயர்களைப் படித்தாள்.

காரணம் இதுதான். ரூபீனாவும் சகினாவும் டேப் பிடிக்கிறவர்கள். சொத்துவரிக்காக வீடுகளை அளந்து கொடுக்கும் வேலையை ஒரு தனியார் நிறுவனம் ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. அதில் இருவரும் தினக்கூலி. ஒருத்தி டேப்பின் தலையைச் சுவரோரம் அழுத்திப் பிடிக்க, மற்றவள் இழுத்துக்கொண்டு போய் அளவைப் படித்து எழுதுவாள். ஒன்றாம் வகுப்பில் ஒன்றாக இருந்தவர்கள் என்பதே இந்த வேலைக்கு வந்து இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில், பேச்சுவாக்கில் தெரிந்தது. அதிலிருந்து இருவரும் நகமும் சதையும்தான்.

வீட்டை அளக்க வந்தவர்களை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து வரவேற்பதில்லை. மொட்டை மாடியில் புதிதாக எழுப்பிய அறையைக் காட்டி “இது துணி காயப்போடற எடம்மா” என்பார்கள். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருக்கும். மயிலாப்பூரில் ஒரு வீட்டில் மணி அடித்தால், “ஆத்துல யாரும் இல்லை, அப்புறம் வாங்கோ” என்று ஆத்துக்குள்ளிருந்தே குரல் வரும். எல்லாரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: “நீங்க கவர்மெண்டா?” இல்லைங்க, காண்ட்ராக்ட் என்று சொன்ன உடனே பேச்சில் பாதி மரியாதை இறங்கிவிடும். அந்தப் பாதி மரியாதைக்காகவே தேர்வு எழுத வேண்டும் என்று சகினா அடிக்கடி சொல்வாள்.

அளந்த தாள்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வருவாய்ப் பிரிவு அலுவலகத்தில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வாசல் வழியாக வந்து சேர்ந்தவர்கள். வரி மதிப்பீட்டாளர் நெடுஞ்செழியன் ஒருநாள் டீ குடித்துக்கொண்டே கணக்குச் சொன்னார். “எங்கப்பா சர்வீஸ்ல செத்தாரு, கருணை வேலையில நான் உள்ள வந்தேன். ஷீலா மேடம் எம்ப்ளாய்மெண்ட்ல பதிஞ்சு வச்சுட்டுப் பத்தொம்பது வருஷம் காத்துக் கெடந்து வந்தாங்க. அதோ அந்தத் தீபிகா இருக்கே, அது பரீட்சை எழுதி நேரா வந்துடுச்சு. உங்க ரெண்டு பேருக்கும் அந்த வாசல்தான் தொறந்திருக்கு. பில் கலெக்டரா நுழைஞ்சு, கணக்குத் தேர்வு பாஸ் பண்ணிட்டீங்கன்னா அப்புறம் அசெசர் ஆகலாம், வருவாய் அலுவலர்கூட ஆகலாம். என் சீட்டுல ஒக்காந்து என்னையே வெரட்டலாம்.”

அன்று மாலையே இருவரும் ஒரு பழைய வினாத்தாள் புத்தகம் வாங்கினார்கள். பாதிப் பணம் அவளுடையது, பாதி இவளுடையது. மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போது சகினா கேள்வி கேட்பாள். வாயில் சப்பாத்தியோடு ரூபீனா பதில் சொல்வாள். ஞாயிறென்றால் கோட்டூர்புரம் நூலகம். ரூபீனாவின் கணவன் ஆதில், ரங்கநாதன் தெருவில் ஒரு கைப்பைக் கடையில் நிற்பவன், ஞாயிறுதான் அவனுக்கு வியாபாரம் நெட்டி முறிக்கும் நாள். இருந்தும் இரண்டு வருடம் ஞாயிறு காலைச் சமையலை அவனே பார்த்துக்கொண்டான். சாம்பார் மட்டும் கடைசிவரை அவனுக்கு வரவில்லை. ரூபீனா அதை ஒருநாளும் குறை சொன்னதில்லை.

முடிவு வந்தது. இருவரும் தேறியிருந்தார்கள். ரூபீனா முன்னால்; சகினா சற்றுப் பின்னால். மற்றவர்களுக்கு அது இரண்டு எண். இவர்களுக்கு அப்படி இல்லை. பெண்கள், முஸ்லிம் ஒதுக்கீடு, தமிழ்வழி என்று வடிகட்டிப் பார்த்தால் இருவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். தேர்வு எழுதியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கணக்குப் போடுவதில் கெட்டிக்காரர்கள் உண்டு. அவர்கள் ஒரு வாரம் கூட்டிக் கழித்துச் சொன்னார்கள்: அந்த வரிசையில் மிஞ்சப்போவது ஒரே ஓர் இடம். அது ரூபீனாவுக்கு. ரூபீனா விலகினால் சகினாவுக்கு.

சகினா ஷேர் ஆட்டோ ஓட்டிய கணவனைக் கொரோனாவில் பறிகொடுத்தவள். பள்ளிக்குப் போகும் ஒரு மகன் இருந்தான். அவளுக்கு இந்த வேலை வேண்டாமா? ஆனாலும் முடிவு வந்த அன்று அவள்தான் முதலில் ஜிலேபி வாங்கி வந்து ரூபீனாவின் வாயில் திணித்தாள். “மொதல்ல நீ போய் எடத்தப் புடி, பின்னாடியே நான் வர்றேன்” என்றாள்.

இப்படிப்பட்டவளிடம் போய், உனக்கு வர இருக்கும் வேலை எனக்கு வருவதற்காக ஒரு கையெழுத்துப் போடு என்று எந்த வாயால் கேட்பது? மாட்டேன் என்று சொல்லிவிடுவாள் என்ற பயம் ரூபீனாவுக்கு இல்லை. சரி என்று சொல்லிவிடுவாளே என்றுதான் பயமாக இருந்தது. அதனால் காய்ச்சல் என்று சொல்லி வேலைக்கு விடுப்புப் போட்டாள். சகினாவைத் தவிர இன்னும் பதினைந்து பேர் இருக்கிறார்கள். இரண்டு பேர் கிடைக்காமலா போய்விடுவார்கள்?

முதல் ஆள் அன்று மாலையே கிடைத்தான். தமிழ்மாறன் நொச்சிக்குப்பத்தில் மீன் விற்றுக்கொண்டிருந்தான். கையில் கத்தி, எதிரே ஒரு முழு வஞ்சிரம், காத்திருக்கும் மூன்று பேர். ரூபீனா தயங்கித் தயங்கிப் பேரைச் சொன்னாள்.

கத்தி நின்றது. “ஒண்ணாங்கிளாஸ்ல ‘ஈ’ எழுத்துப் படத்து மேல வாந்தி எடுத்தியே, அந்த ரூபீனாவா?”

ரூபீனாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “அதெல்லாம் இன்னும் ஞாபகம் வச்சினு கீறியா?”

“மறக்குமா? டீச்சர் என்னைத்தானே தொடைக்கச் சொன்னாங்க!” என்று கடலுக்கே கேட்கும்படி சிரித்தான். விஷயத்தைக் கேட்டதும் சிரிப்பை நிறுத்திவிட்டான். “நீ தமிழ்லதான் படிச்ச. ‘ஈ’ உருதுலயா கீது? எப்ப வரணும்?”

மறுநாள் காலை வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்தான். வாடிக்கையாளர்கள் திட்டியிருப்பார்கள். மூன்று தடவை கை கழுவிவிட்டு வந்ததாகச் சொன்னான்; ஆனாலும் அவன் எழுதிக் கொடுத்த தாளில் மீன் வாடை அடித்தது. மணிமொழி அதை முகம் சுளிக்காமல் வாங்கிக் கோப்பில் வைத்தார். வாந்தி விவரத்தை எழுத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

இரண்டாவது ஆள்தான் கிடைக்கவில்லை. செண்பகத்தின் குடும்பம் கால்வாய்க் கரையிலிருந்து பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டிருந்தது. இரண்டு பஸ் மாறி, லிஃப்ட் ஓடாத எட்டு மாடி ஏறிக் கதவைத் தட்டினால், வேறு யாரோ திறந்தார்கள். செண்பகத்துக்குத் திருவள்ளூர்ப் பக்கம் கல்யாணம் ஆகிப் போய்விட்டதாம், நம்பர் தெரியாதாம். அந்த அம்மாள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்து, மூச்சு வாங்குவது அடங்கும்வரை உட்காரச் சொன்னாள். அசோகன் துபாயில் இருந்தான். வீடியோ காலில் எத்தனை கையெழுத்து வேண்டுமானாலும் போடத் தயார் என்றான். நேரில் வர வேண்டும் என்பது விதி. சிலர் ஊர் மாறியிருந்தார்கள். ஒருவன் போய்ச் சேர்ந்துவிட்டான். மேற்கு மாம்பலத்தில் கிச்சாவைக் கண்டுபிடித்தாள். கல்யாணங்களுக்குச் சமையல் எடுத்துச் செய்கிறவன். அவன் உட்கார வைத்துக் காபி கொடுத்துப் பொறுமையாகக் கேட்டான்.

“எனக்கு ஒங்களைச் சுத்தமா ஞாபகம் இல்லையேம்மா. தெரியாததைத் தெரியும்னு எழுதிட்டு, நாளைக்கு ஒங்க வேலைக்கே ஏதாவது வந்துடப்போறது” என்றான். அவன் சொன்னதில் தப்பில்லை. அவன் மனைவி வாசல்வரை வந்து, கிடைத்துவிடும் என்று சொல்லி அனுப்பினாள். யாரென்றே தெரியாதவர்கள் காட்டிய இந்த இரக்கத்தை நினைத்து ரூபீனா மாம்பலம் ரயில் நிலையப் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

ஆறாம் தேதி பட்டியலில் ஒரே ஒரு பெயர்தான் அடிபடாமல் மிச்சமிருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது ஆதில் கேட்டான். “நான் போய் சகினாகிட்ட பேசட்டுமா?”

“வேணாம்.”

“கேட்டாத்தானே தெரியும்?”

“கேட்டா செஞ்சுடுவா. அதான் வேணாம். அவ புள்ளைய வச்சினு கஷ்டப்படுறா. நமக்கு நீ சம்பாதிக்கிற. விட்டுடலாம்.”

ஆதில் அவள் தட்டில் இன்னொரு கரண்டிச் சோறு வைத்தான். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் போனதைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவும் அவனுக்கு அவள் கடன்பட்டிருந்தாள்.

ஏழாம் தேதி காலை எட்டு மணிக்குக் கதவு தட்டப்படவில்லை, இடிபட்டது. திறந்தால் சகினா. தலை முக்காட்டை இழுத்துச் சொருகிக்கொண்டு, கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்போடு நின்றாள்.

“ஜுரம் எப்படி கீது?” என்றாள்.

ரூபீனா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

“நல்ல ஜுரம்டி. பெரும்பாக்கம் வரைக்கும் போய்ட்டு வந்த ஜுரம். நான் எட்டு நாளா டேப்போட தலைய கேட்டுல கயிறு போட்டுக் கட்டிட்டு, ஒண்டியா இழுத்துகினு கீறேன். நாய் வந்து கவ்விகினு போச்சு ஒரு நாள்.”

“சகினா, நான் உன்கிட்ட…”

“பேசாத. தமிழ்மாறன்கிட்ட மீன் வாங்கப் போனேன், எல்லாத்தையும் சொல்ட்டான். பதினஞ்சு பேர்கிட்ட போயிருக்க. கூடவே குந்திகினு சோறு துன்றவகிட்ட வரல. என்னை அவ்ளோ மட்டமா நெனச்சிட்டியா?”

“மட்டமா நெனைக்கல. நீ சரின்னு சொல்லிடுவியேன்னுதான் வரல.”

சகினா உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். கோப்பை மடியில் வைத்துக்கொண்டு, அதன் கொக்கியைத் திறந்து திறந்து மூடினாள்.

“அவ்ளோ நல்லவன்னு நெனச்சிக்காதடி. தமிழ்மாறன் சொன்னது நாலாந்தேதி. இன்னைக்கு ஏழு. மூணு நாளா தெரியும் எனக்கு. தெரிஞ்சும் சும்மா இருந்தேன். எட்டாந்தேதி வரைக்கும் உன் ஜுரம் இருக்கட்டும்னு நெனச்சேன். நெனச்சேன்டி. பொய் சொல்ல மாட்டேன். நேத்து ராத்திரி பையனுக்கு யூனிபார்ம் தைக்கக் கொடுத்த பில்லு எவ்ளோன்னு பாத்துட்டு, அப்பவும் அதான் நெனச்சேன்.”

ரூபீனா அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அப்போ போடாத. நெசமாத்தான் சொல்றேன். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.”

“உனக்கு வயசு முடிஞ்சிடுச்சு. எனக்கு விதவைன்னு இன்னும் மூணு வருஷம் கீது. என் வூட்டுக்காரன் வச்சிட்டுப் போன ஒரே சொத்து அதான். நான் இன்னொரு தபா எழுதிக்கறேன்.” எழுந்தாள். “பொறப்படு. டீச்சர் ஸ்கூல்ல இருப்பாங்க. மூஞ்சக் கழுவிட்டு வா, பாக்கச் சகிக்கல.”

பள்ளியில் மணிமொழி வெள்ளைத் தாளை எடுத்து வைத்தார். சகினா குனிந்து, எழுத்துக் கூட்டி எழுதும் பிள்ளைபோல் நிதானமாக எழுதினாள். நான் 1997-98-ஆம் கல்வியாண்டில் ஒன்றாம் வகுப்பு தமிழ்ப் பிரிவில் படித்தேன். வலியுல்லாவின் மகள் ரூபீனா என்னுடன் அதே பிரிவில், என் பக்கத்தில் அமர்ந்து படித்தார். கையெழுத்துப் போட்டாள். ரூபீனாவின் கண் பேனாவின் முனையைவிட்டு அகலவில்லை. நன்றி என்று ஒரு சொல் இருக்கிறதே, அதை எடுத்து இந்த இடத்தில் வைத்தால் எவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. அதனால் சொல்லவில்லை.

மணிமொழி மதியமே கல்வி அலுவலரிடம் போய் மேலொப்பம் வாங்கினார். தம் காசில் ஆட்டோ வைத்துக்கொண்டு போனார் என்பது பிறகுதான் தெரிந்தது. எட்டாம் தேதி பகல் பதினொரு மணிக்கு, தெருமுனை பிரௌசிங் சென்டரில், சான்று பதிவேறியது.

கலந்தாய்வு ஐந்து வாரம் கழித்து நடந்தது. இருவருக்கும் ஒரே நாளில் அழைப்பு. அழைப்பு வந்தால் நேரில் போய்த்தான் ஆக வேண்டும். இடம் இல்லையென்றாலும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். மயிலாப்பூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போனார்கள். சகினா ஜன்னலோரம் உட்கார்ந்து அடுத்த தேர்வுக்கான வினாத்தாள் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு வந்தாள். ரூபீனா கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

கூடத்தில் ஒரு பெரிய திரை. எந்தப் பிரிவில் எத்தனை இடம் மிச்சம் என்று அதில் ஓடிக்கொண்டிருந்தது. வாட்ஸ்அப் கெட்டிக்காரர்கள் சொன்னது தப்பவில்லை. அவர்கள் வரிசைக்கு நேரே ‘1’ என்று நின்றது. அப்படியே நிற்க வேண்டுமே என்று ஒரு மனம். இரண்டாக ஆகிவிடாதா என்று இன்னொரு மனம். ரூபீனாவின் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

மேசைக்குப் பின்னால் ஒல்லியான ஓர் அலுவலர் இருந்தார். பேச்சு அதிகம் இல்லாத மனிதர். கோப்பைப் பிரித்து ஒவ்வொரு சான்றாகப் புரட்டினார். ஒன்றாம் வகுப்புச் சான்றில் வந்து நின்றார். அதோடு இணைத்திருந்த இரண்டு வாக்குமூலங்களையும் முழுதாகப் படித்தார். மேலொப்பத்தின் முத்திரையை விளக்கடியில் தூக்கிப் பார்த்தார்.

“சரியா இருக்கு. எந்தப் பதவி?”

“வரித்தண்டலர், சார்.”

திரையில் ‘1’ என்பது ‘0’ ஆயிற்று. “ஆணை அச்சாகி வரும். அந்த நாற்காலியில் உட்காருங்க” என்று மேசைக்குப் பக்கத்து இருக்கையைக் காட்டினார். அச்சு இயந்திரம் தாளை மென்று விழுங்கிவிட்டு நின்றது. ஓர் ஊழியர் அதைத் திறந்து உள்ளே கைவிட்டுக் குடைந்துகொண்டிருந்தார்.

அதற்குள் அடுத்த சில எண்கள் வந்து போயின. பிறகு சகினாவின் எண். அவள் வந்து நேராக நின்றாள். ரூபீனாவைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள்.

“உங்க பிரிவுல இருந்த கடைசி இடம் இப்பத்தான் போச்சும்மா” என்று வழக்கமான குரலில் சொல்லிக்கொண்டே அலுவலர் பதிவேட்டைத் திறந்தார். “இங்க ஒரு கையெழுத்து. பேர் என்ன, சகினா…”

பேனா நின்றது. முடித்து ஓரமாக வைத்திருந்த ரூபீனாவின் கோப்பை அவர் மறுபடி எடுத்தார். வாக்குமூலத்தைத் திருப்பினார். கையெழுத்தைப் பார்த்தார், எதிரே நின்றவளைப் பார்த்தார், பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

“இதை எழுதிக் குடுத்தது நீங்களா?”

“ஆமா சார்.”

“இது இல்லைன்னா அந்த இடம் யாருக்கு வந்திருக்கும், தெரியுமா?”

“தெரியும் சார்.”

“கையெழுத்துப் போடறப்பவே தெரியுமா?”

“அப்பவே தெரியும்.”

“அப்புறம் ஏன்மா போட்டீங்க?”

சகினா கேள்வி புரியாதவள்போல் அவரைப் பார்த்தாள். மூன்று வருடச் சலுகையைச் சொல்லவில்லை; சிநேகிதத்தைச் சொல்லவில்லை.

“அவ தமிழ்லதான் சார் படிச்சா. நான் பக்கத்துல குந்திகினு இருந்தேனே” என்றாள்.

அலுவலர் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு எழுந்து நின்று, பேனாவின் மூடியைக் கழற்றி அவளிடம் நீட்டினார். வரிசையில் காத்திருந்தவர்கள் அவர் ஏன் எழுந்தார் என்று தெரியாமல் விழித்தார்கள். சகினா கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள்.

அச்சு இயந்திரம் சரியானது. ஆணை சூடாக வந்து விழுந்தது. பெற்றுக்கொண்டதற்கு ரூபீனா கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை ஊழியர் மூன்று தடவை விரல் வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அவளுக்குக் கண் மறைத்தது.

வெளியே வெயில் கொளுத்தியது. சகினா படிக்கட்டின் அடியில் காத்துக்கொண்டிருந்தாள். “வாங்கிட்டியா? எங்க, காட்டு” என்று ஆணையைப் பிடுங்கி முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாகப் படித்தாள். பெயர் சரியாக இருக்கிறதா என்று இரண்டாம் முறையும் பார்த்தாள். எழுத்துப் பிழை ஏதும் இல்லை என்று தலையாட்டிவிட்டு மடித்துக் கோப்புக்குள் வைத்துக் கொடுத்தாள்.

ரூபீனா கோப்பை வாங்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையையே பிடித்துக்கொண்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் அப்படியே நடந்தார்கள். நிறுத்தத்திலும் விடவில்லை.

“வுடுடி, கை வேர்க்குது” என்றாள் சகினா.

ரூபீனா விடவில்லை.